பவுனுக்குப் போட்ட தரை

மந்தைவெளியிலிருந்து கிழக்கே போய்ப் பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் திரும்பும் அந்தச் சந்தில் டைல்ஸ் போட்ட வீடுகள் குறைவு. இருப்பதிலேயே நல்ல தரை, கதிரேசன் வீட்டுக் குதிரை லாயத்தில்தான் இருந்தது. கதிரேசனும் அவர் மனைவி தேவானையும் படுக்கிற அறையில் சிமெண்ட் பெயர்ந்து, அதன்மேல் பாய் விரித்திருந்தார்கள். குதிரைக்கு மட்டும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான டைல்ஸ், தண்ணீர் வழிந்தோட ஓரத்தில் ஒரு வாய்க்கால், வாசலில் சின்னச் சரிவு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். தேவானையும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, "மாப்ள போட்டுக் குடுத்தது" என்பாள். அதைச் சொல்லும்போது அவளுடைய கழுத்து கொஞ்சம் நிமிரும்.

மாப்பிள்ளை பிரபு ராயப்பேட்டைக்காரன். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. தை மாதத்தில் கதிரேசனின் ஒரே மகள் தமிழ்நிலாவைக் கட்டிக்கொண்டான். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு மாமனார் வீட்டுக் குதிரையான பவுனின் மேல்தான் ஏறி வந்தான். அதுவரை பைக்கைத் தவிர எதன்மேலும் ஏறியிராதவன், கொஞ்ச தூரத்திலேயே கடிவாளத்தை விட்டுவிட்டுப் பிடரி மயிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கூட்டாளிகள் கொளுத்திப் போட்ட சரவெடி பவுனின் காலடியிலேயே வந்து விழுந்து வெடித்தது. வேறு குதிரையாக இருந்தால் மாப்பிள்ளை கால்வாயில் கிடந்திருப்பான். பவுனு காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு, நான்கு கால்களையும் ஊன்றி, கடைசி வெடி வெடித்துப் புகை அடங்கும்வரை நின்றது. இறங்கியதும் பிரபு முதலில் கும்பிட்டது குதிரையைத்தான். மாமனாருக்கு அப்புறம்தான் கும்பிடு கிடைத்தது.

பவுனு பார்த்த கடைசி வேலை அது. பட்டினப்பாக்கம் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றி நடந்ததும், கல்யாண ஊர்வலங்களில் கால் வலிக்க நின்றதும் போதும் என்று கதிரேசன் முடிவு செய்தார். இருபது வயதைத் தாண்டிவிட்ட குதிரை. தங்க நிறமாக இருந்த மேனியில் வெள்ளை கலந்திருந்தது. கண்ணுக்கு மேலே குழி. பின்னங்கால் மூட்டுகள் காலையில் மடங்க மறுத்தன. கதிரேசன் ஆழ்வார்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். தேவானை சந்து முனையில் இட்லி வண்டி போட்டாள். குதிரையைத் தள்ளிவிடலாமே என்று கேட்டவர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "இத்தினி வருஷம் அது எங்களுக்குச் சோறு போட்டுச்சு. இப்ப எங்க மொற."

கிழக் குதிரைக்குச் சோறு போடுவது குழந்தைக்கு ஊட்டுவதைப் போன்ற வேலை. பல் தேய்ந்துவிட்டதால் புல்லை மென்று விழுங்க அதனால் முடியாது. கொஞ்ச நேரம் மென்றுவிட்டு உருண்டையாகத் துப்பிவிடும். அதனால் புல்லை அரிவாள்மனையில் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். கொள்ளை முந்தின நாளே ஊறப் போட்டு, வேகவைத்து, மத்தால் மசிக்க வேண்டும். இட்லி வண்டி வியாபாரம் முடிந்ததும் மிஞ்சிய அடுப்புச் சூட்டில் தவிட்டுக் கஞ்சி ஏறும். மார்க்கெட்டில் கேரட் விற்கிற அம்மாள் தழையை ஒடித்து ஒரு சாக்கில் ஒதுக்கி வைத்திருப்பாள். சந்துக்காரர்கள் அரிசி களைந்த தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டுப் போவார்கள். யாரும் அதைத் தருமம் என்று நினைக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்த முதுகில் ஏறி இறங்கியவர்கள்தான்.

கல்யாணத்துக்கு முந்தின மழைக்காலத்தில் லாயத்து மண் தரை சேறாகி, பவுனின் குளம்பு அழுகத் தொடங்கியிருந்தது. மயிலாப்பூரில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் வைதேகி, குதிரைக்கும் வந்து பார்ப்பார். கால் ஈரத்தில் நிற்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்தப் பேச்சைக் கல்யாணத்துக்குப் பிறகு கேள்விப்பட்ட பிரபு, பங்குனி மாதத்து விடுமுறை நாட்களில் மண்ணை வெட்டியெடுத்துக் கான்கிரீட் போட்டு, வேலை செய்த இடங்களில் மிஞ்சிய டைல்ஸைக் கேட்டு வாங்கிவந்து ஒட்டிக் கொடுத்தான். வழுக்கக்கூடாது என்று சொரசொரப்பானதாகவே தேடிப் பொறுக்கியிருந்தான். வாசலில் சிமெண்ட் காயும் முன்பு பவுனின் வலது முன்காலைத் தூக்கி அதில் ஒரு முறை அழுத்தி எடுத்தான். குளம்புத் தடம் பிறை மாதிரி பதிந்தது. கீழே ஆணியால் தன் பெயரையும் மனைவி பெயரையும் எழுதினான். வெள்ளிக்கிழமை தோறும் தேவானை அந்தக் குளம்புத் தடத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

அன்றிலிருந்து பவுனு சுத்தமாக இருந்தது. முன்பெல்லாம் காலையில் அதன் விலாவில் சாணமும் மூத்திரமும் சேர்ந்த மஞ்சள் கறை அப்பிக்கிடக்கும். தேவானை தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கை சலித்துத் திட்டுவாள். இப்போது ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். பளிச்சென்று இருந்தது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு இதை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம். தமிழ்நிலா வந்திருந்தாள். வந்த சில நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவள் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குள் போகும்போது, கண்ணெதிரே பவுனு முட்டி மடங்கி விழுந்தது. யாரும் தொடவில்லை, எதுவும் இடறவில்லை. நின்ற இடத்திலேயே தலை மெல்லத் தாழ்ந்தது, கீழ் உதடு தொங்கியது, முன்கால்கள் துணி மடிவதுபோல மடிந்தன. முட்டி தரையில் இடித்த சத்தத்தில் அதுவே திடுக்கிட்டு எழுந்து, நடுங்கிக்கொண்டு நின்றது. இரண்டு முட்டியிலும் ரத்தம்.

மறுநாள் டாக்டர் வைதேகி வந்தார். காயத்தைக் கழுவினார், மருந்து வைத்துக் கட்டினார். மூட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "இது கடைசியா எப்ப படுத்துச்சு?" என்று கேட்டார்.

கதிரேசனுக்குக் கேள்வி புரியவில்லை. "குதிரையாச்சே டாக்டரம்மா. நின்னுக்கினே தூங்கும்."

"நின்னுட்டே கண்ணசரும். அசந்து தூங்கணும்னா படுத்துத்தான் ஆகணும், கொஞ்ச நேரமாவது. படுக்காமலே இருந்தா ஒரு நாள் தூக்கம் சொக்கி இப்படித்தான் விழும். இந்த முட்டியப் பாருங்க, புதுக் காயத்துக்குக் கீழ பழைய தழும்பு இருக்கு. யாரும் பாக்காதப்ப எத்தனை தடவை விழுந்துச்சோ."

தேவானை வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை பவுனின் விலாவில் இருந்தது. சுத்தமான விலா.

"பங்குனிக்கு அப்பால அது படுக்கவேல்ல" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டெய்லி காலீல இத்த கய்வறது நான்தான் டாக்டரம்மா. வெலாவுல மஞ்சக் கற ஒட்டிக்கினு இருக்கும். படுத்தாத்தான ஒட்டும்? தர போட்டதுலேந்து கறயே இல்ல. தர சுத்தமா கீது, அதான் குதிரையும் சுத்தமா கீதுன்னு நெனச்சிக்கினு கீறேன் நானு. இத்தினி மாசம் அது தூங்கல. நான் இன்னாடான்னா சந்தோசமா குங்குமம் வெச்சிக்கினு இருந்திருக்கேன்."

டாக்டர் பவுனின் விலாவைத் தடவிப் பார்த்தார். ஈரம் கூடாது என்று சொன்னவர் தான்தான் என்றார். கெட்டித் தரையில் படுத்தால் திரும்ப எழ முடியாது என்று மூட்டுவலிக்காரக் குதிரைக்குப் பயம். அந்தப் பயத்தில் படுக்காமலே நின்றிருக்கிறது. அடியில் ஆழமான மணல் இருந்தால் ஒருவேளை படுக்கும் என்றார். பிறகு, சொல்லத் தயங்கியதையும் சொன்னார்.

"இன்னொரு தடவை விழுந்து கால் முறிஞ்சுதுன்னா, ஊசி போட்டு நிம்மதியா அனுப்பறதத் தவிர என்னால ஒண்ணும் செய்ய முடியாது. திருப்போரூர் பக்கம் வயசான குதிரைங்கள வெச்சுப் பாத்துக்கற இடம் ஒண்ணு இருக்கு. நல்ல மனுஷங்க. மண் தரை, தோப்பு. நாளன்னிக்கு இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கிழமை வண்டி அனுப்பச் சொல்றேன். அதுக்குள்ள இது படுத்துதுன்னா சொல்லுங்க, வண்டி வேண்டாம்னுடலாம்."

அவர் போன பிறகு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மணல் போட வேண்டும் என்றால் தரையைப் பெயர்க்க வேண்டும். கான்கிரீட்டின் மேல் மணலைக் கொட்டினால் மூத்திரம் இறங்க வழியில்லாமல் மறுபடி ஈரம், மறுபடி குளம்பு அழுகல். அது கதிரேசனுக்குத் தெரியும். ஆனால் தலை ஆடிக்கு விருந்துக்கு வரப்போகிற புது மாப்பிள்ளையின் கைவேலையை எந்த முகத்தோடு உடைப்பது? நாளை ஞாயிற்றுக்கிழமை, அவன் வரும் நாள். தமிழ்நிலா தானே சொல்கிறேன் என்றாள். கதிரேசன் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ அங்க வாழப்போற பொண்ணு. நாளைக்கு அவங்க வூட்ல ஒரு பேச்சு வரும். மாப்ள காதுக்கே இது போவக்கூடாது."

அவர் சாக்குகளை விரித்து, மேலே வைக்கோலைப் பரப்பினார். பவுனு கால் வைத்ததும் சாக்கு சுருண்டு வழுக்கியது. அது மூலையில் வெறும் தரைக்கே போய் நின்றுகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பிரபு ஒரு கையில் மல்லிகைப்பூவும் ஒரு கையில் கேரட் பையுமாக வந்தான். வீட்டுக்குள் நுழையாமல் முதலில் லாயத்துக்குத்தான் போனான். கட்டுப்போட்ட முட்டிகளைப் பார்த்தான். கதிரேசன் பின்னாலேயே போய், கேட்டில் இடித்துக்கொண்டது என்றார். பிரபு கேட்டைப் பார்த்தான். மூலையில் சுருண்டு கிடந்த சாக்குகளைப் பார்த்தான். பிறகு, சுவரிலும் பாதி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் அடிபடாது, அடுத்த வாரமே செய்துவிடலாம் என்றான். கதிரேசன் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிவைத்தார்.

இலை போட்டார்கள். கோழிக் குழம்பு, வறுத்த வஞ்சிரம், முருங்கைக்கீரை, பாயசம். தேவானை குனிந்து குழம்பு ஊற்றும்போது கண்ணிலிருந்து ஒரு சொட்டு, சோற்றுக்குப் பக்கத்தில் விழுந்தது.

பிரபு நிமிர்ந்து பார்த்தான். "இன்னா அத்த, காரம் சாப்பட்றது நானு, கண்ணுல தண்ணி உங்களுக்கு வருது?"

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. முதலில் விலாக் கறையைச் சொன்னாள், அப்புறம் டாக்டர் சொன்னதை, அப்புறம் திங்கட்கிழமை வண்டியை. கதிரேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ்நிலா கணவனின் கையையே பார்த்தாள். பாதியில் இலையை விட்டு எழுந்துவிட்டால் அந்தக் காயம் ஆயுசுக்கும் ஆறாது.

பிரபு எழவில்லை. பிசைந்த சோற்றைச் சாப்பிட்டான். மோர் கேட்டு வாங்கி அதையும் சாப்பிட்டு முடித்தான். இலையைத் தன் பக்கமாக மடித்தான். அதைப் பார்த்த பிறகுதான் தேவானைக்கு மூச்சு வந்தது.

கை கழுவிவிட்டு லாயத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உள்ளங்கையால் தரையைத் தடவினான்.

"லெவல் பாத்துப் பாத்துப் போட்டேன் மாமா. ஒரு பொட்டுத் தண்ணி நிக்காது."

"தெரியும் மாப்ள. உங்க வேலையில ஒரு கொறையும் இல்ல."

"ஊட்டுக்காரங்க கைல கேட்டுக் கேட்டுத்தான் ஒட்டுவேன். இந்த கலரு ஓக்கேவா, இந்த டிசைன் ஓக்கேவான்னு. இது கைல மட்டும் கேக்கல பாருங்க." பவுனின் முட்டிக் கட்டை மெதுவாகத் தொட்டான். "என்ன மேல வெச்சிக்கினு அன்னிக்கு அப்டி நின்னுச்சு. அதுக்கு நன்றி சொல்றேன்னு, மாசக்கணக்கா நிக்க வெச்சிட்டேன்."

பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போய், சுத்தியும் உளியும் கடப்பாரையுமாகத் திரும்பினான். சாப்பிட்ட வயிற்றோடு இந்த வெயிலில் வேண்டாம், ஆள் வைத்துப் பார்க்கலாம் என்று கதிரேசன் மன்றாடினார்.

"நான் போட்டத இன்னொருத்தன் ஒடச்சா எனக்கு ஒப்பாது மாமா. பவுன வெளிய இட்டுக்கினு போங்க, சத்தத்துல பயந்துக்கும்."

பொழுது சாயும்வரை உடைத்தான். கதிரேசன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடவே கடப்பாரை பிடித்தார். தமிழ்நிலா துண்டுகளைக் கூடையில் அள்ளினாள். மாமனாரும் மாப்பிள்ளையும் அன்றுதான் முதல் முறையாகக் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டார்கள். வாசலில் குளம்பு பதிந்த பகுதிக்கு வந்தபோது பிரபுவின் உளி நின்றது. அதைச் சுற்றிலும் மெல்லத் தட்டித் தட்டி, உடையாமல் ஒரே பாளமாகப் பெயர்த்தெடுத்தான். வீட்டு நிலைப்படிக்குக் கீழே, கால் வைத்து ஏறும் இடத்தில் அதைப் பதித்துவிட்டுத்தான் ராயப்பேட்டைக்குக் கிளம்பினான்.

இனி மணல் வேண்டும். கட்டட வேலைக்கு விற்கிற அரைத்த மணல் கூர்கூராக இருக்கும். காயத்தில் பட்டால் அறுக்கும். கடற்கரையில் அள்ளினால் போலீஸ் பிடிக்கும். தேவானையின் இட்லி வண்டிக்குப் பக்கத்தில் மீன் விற்கிற தேசம்மாதான் வழி சொன்னாள். பட்டினப்பாக்கத்துக்காரி, மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவள், வாய் மட்டும் யாருக்கும் அடங்காது.

"கடல்ல போயி இன்னாத்துக்கு அள்ற? காத்துல அதுவே ரோட்டுக்கு வருது. எங்க ஜெனிதா டெய்லி அத்தத்தான் பெருக்கிக் குமிச்சிக்கினு கீறா. லாரி வந்து அள்ளிக்கினு போவும். அவ மேஸ்திரி கைல ஒரு வார்த்த கேட்டா ஆச்சு."

ஜெனிதா அவளுடைய தங்கை மகள். கடலோரச் சாலையில் துப்புரவு வேலை. மேஸ்திரி, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அள்ளுகிற வேலை மிச்சம் என்றார். மறுநாளிலிருந்து மணல் வரத் தொடங்கியது. மீன் கூடை காலியாகத் திரும்பும்போது அதில் வந்தது. ஷேர் ஆட்டோவில் கால் வைக்கிற இடத்தில் சாக்கு மூட்டையாக வந்தது. பிரபுவின் கூட்டாளிகள் சின்ன லோடு வண்டியில் ஒரு நடை கொண்டுவந்து கொட்டினார்கள். சரவெடி கொளுத்திப் போட்டவன்தான் வண்டியை ஓட்டினான். இட்லி வியாபாரம் முடிந்த வெயிலில் தேவானையும் தேசம்மாவும் தமிழ்நிலாவும் சல்லடையோடு உட்கார்ந்தார்கள். பாட்டில் கண்ணாடி, மீன் முள், சோளக் கட்டை, ஒருமுறை ஒரு பிள்ளையின் வெள்ளிக் கொலுசு. கொலுசை ஜெனிதாவிடம் கொடுத்தனுப்பினார்கள். தேடி வருகிறவர்கள் இருந்தால் அவளிடம்தானே கேட்பார்கள்.

அந்த வேலை பிடிக்காத ஒருவர் உண்டு. சந்துக் கோடியில் இருக்கிற அம்மன் கோயிலின் விழாக் கமிட்டித் தலைவர் சக்திவேல். குதிரைச் சாண நாற்றமும் ஈயும் கோயிலுக்கு ஆகாது என்பது அவருடைய நெடுநாள் குறை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்த்தல், சந்தெல்லாம் மணலைக் கொட்டி வைத்தால் ஜனம் எப்படி நடக்கும் என்று சத்தம் போட்டார். தேவானை துடைப்பத்தை எடுத்து அவர் நின்ற இடம்வரை பெருக்கிக் கொடுத்தாள்.

புதன்கிழமை மணல் முழங்கால் ஆழத்துக்கு நிறைந்தது. பவுனு உள்ளே வந்தது. முகர்ந்தது. மூக்கால் ஒரு கோடு இழுத்தது. நடுவில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நின்றது. விலா சுத்தமாகவே இருந்தது. தேவானை காலையில் சொம்போடு போய்ப் பார்த்துவிட்டுச் சொம்போடு திரும்பினாள். மாசக்கணக்கில் சேர்ந்த பயம் மணலைக் கண்டதும் போய்விடுமா? கதிரேசன் வேலைக்கு விடுப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை பிற்பகல் யோசித்து யோசித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, லாயத்துக்குள் போய் மணலில் தானே படுத்தார். பவுனு அவர் முகத்தை முகர்ந்தது. மீன் கூடையோடு வந்த தேசம்மா எட்டிப் பார்த்தாள்.

"தே தேவான, வந்து பாரு. குதிரைக்கு மெத்த போட்டா மாமா படுத்துக்கினு கீறாரு. ஒரு தலகாணியும் குட்த்துடேன்."

கதிரேசன் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, "பயப்பட ஒண்ணுமில்லன்னு அதுக்கு யார்னா சொல்லணும் இல்ல" என்றார். அன்று மாலை மாதா கோயிலில் தேசம்மா ஏற்றிய மெழுகுவத்தி குதிரைக்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. ஜெனிதா பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

சனிக்கிழமை டாக்டர் போன் செய்தார். கதிரேசன், வண்டி வரட்டும் என்று சொல்லிவிட்டார். கண்முன்னால் கால் முறிந்து சாவதைவிட எங்கேயோ தோப்பில் நன்றாக இருக்கட்டும். அதைச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே பளிச்சென்றிருந்த குதிரையை இன்னொரு முறை முழுதாகத் தேய்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஒலிபெருக்கிகள் முழங்கத் தொடங்கின. ஒரு குழாய் லாயத்துக்கு நேர் எதிரே விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தது. சந்து முழுக்க வேப்பிலை. அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். பிரபு வந்திருந்தான், வழியனுப்பத்தான். தேவானை கோயிலில் கைகூப்பி நின்றபோது எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் கூட வைத்திருந்ததற்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

உச்சி வெயிலுக்கு முன் ஒரு தூறல் போட்டு நின்றது. மணலில் இளஞ்சூடு ஏறியது. பவுனு தலையைத் தாழ்த்தி, முன்காலால் மணலைப் பறித்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி பறித்தது. கேட்டருகே நின்ற தமிழ்நிலா மூச்சை அடக்கிக்கொண்டு கணவனின் கையைப் பிடித்தாள். முன்கால்கள் மடங்கின. அடுத்துப் பின்புறம் சாய்ந்தது. பெருமூச்சு ஒன்று மணலைக் கிளப்ப, பவுனு படுத்தது.

தலை மட்டும் சாயவில்லை. கம்பத்துக் குழாயில் பாட்டு உச்சிக்குப் போகும்போதெல்லாம் காது துடித்தது, கழுத்து நிமிர்ந்தது. எழுந்துவிடும்போல் இருந்தது.

தேவானை ஓடினாள். சக்திவேல் புது வேட்டியோடு மைக்கைக் கையில் பிடித்து, கூழ் வாங்க ஜனங்களை அழைக்கத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் வாயிலிருந்து, "படுத்துக்கினு கீது அண்ணே" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவர் அவளைப் பார்த்தார். மைக்கைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, தகரக் கேட்டின் மேலாக எட்டிப் பார்த்தார். அவருடைய மகளும் அந்தக் குதிரைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டவள்தான். திரும்பிப் போனார். மைக்செட்காரர் தடுப்பதற்குள் பிளக்கைத் தானே பிடுங்கினார்.

"கூழ் ஊத்தற நேரத்துல பாட்டு இல்லாங்காட்டி எப்டிண்ணே?" என்றார் மைக்செட்காரர்.

"ஆத்தா கோச்சிக்க மாட்டா. அவளும் தாய்தான். தூங்கறத எய்ப்ப மாட்டா."

பிறகு அவரே வீடு வீடாகப் போய்க் கதவோரம் நின்று மெதுவான குரலில் கூழுக்கு அழைத்தார். சேதி சந்தில் அவரைவிட வேகமாகப் போனது. ஜனம் வரிசையில் நின்றது, ஒருவரும் பேசவில்லை. பாத்திரம் பாத்திரத்தில் இடிக்காமல் இருக்கப் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் என்ஜினை அணைத்து, வண்டியை இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். யார் வீட்டிலோ விசில் வரப்போன குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினார்கள். தேசம்மாகூட வாயைத் திறக்காமல், கருவாட்டுத் துண்டு இன்னொன்று வேண்டும் என்பதை விரலால் காட்டினாள். கூழ் பாத்திரத்தில் சொட்டுகிற சத்தம் கேட்டது. காக்கை கத்தியதற்கு இரண்டு பேர் அண்ணாந்து முறைத்தார்கள்.

அப்போது லாயத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரவென்று, நீளமாக, மூக்கடைத்த கிழவர்களைப்போல. பவுனு தலையை மணலில் சாய்த்துவிட்டது. குறட்டை.

கதிரேசன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. பிரபு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான். தூங்குகிற குதிரையின் கால்கள் மணலில் லேசாக ஓடின. எந்தக் கடற்கரையில், எந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறதோ.

ஆனால் எழ வேண்டுமே. அந்தக் கவலை எல்லோருக்கும் இருந்தது. கூழ் குடித்து முடித்தவர்கள் கலையாமல் சுவரோரம் நின்றார்கள். வெயில் திரும்பியபோது பவுனு கண்ணைத் திறந்தது. முன்கால்களை நீட்டி ஊன்றியது. உந்தியது. முடியாமல் மறுபடி உட்கார்ந்தது. ஓடப்போன பிரபுவைக் கதிரேசன் கையைக் காட்டி நிறுத்தினார். மணல் குளம்புக்கு அடியில் குழிந்து இடம் கொடுத்தது. பவுனு இன்னொரு முறை உந்தியது. பின்னங்கால்கள் நடுங்கின, பிடித்துக்கொண்டன. நின்றது. நின்று, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியதில், கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் மேலெல்லாம் மணல். சக்திவேலின் புது வேட்டியில்தான் அதிகம். அவர் தட்டிவிட்டுக்கொள்ளக்கூட இல்லை. போய் பிளக்கைச் சொருகினார்.

தமிழ்நிலா எடுத்தனுப்பிய படத்துக்கு டாக்டரிடமிருந்து உடனே பதில் வந்தது. வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மூட்டுக்கு மருந்து எழுதித் தருகிறேன், நாளை வந்து பார்க்கிறேன் என்றிருந்தது.

பாட்டுச் சத்தத்தில் சந்து பழையபடி கலகலத்தது. தேவானை ஒரு கிண்ணம் கூழை ஆற்றிக்கொண்டு லாயத்துக்குள் போனாள். பவுனு சொட்டு விடாமல் நக்கியது. அப்போதுதான் அவள் பார்த்தாள். இடது விலாவில், தோளிலிருந்து தொடைவரை, மஞ்சளும் பச்சையுமாக ஒரு கறை அப்பியிருந்தது.

பிரபுவும் பார்த்துவிட்டான். வாளியில் தண்ணீரும் தேங்காய் நாருமாக வந்தான். "குடுங்க அத்த, நான் கய்வறேன்."

தேவானை நாரை வாங்கிக் கீழே வைத்தாள். கோயில் குங்குமம் இன்னும் அவள் கையில் ஒட்டியிருந்தது. பவுனின் நெற்றியில் கொஞ்சம் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கறைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டாக வைத்தாள்.

"இருக்கட்டும் மாப்ள. இன்னிக்கு ஒரு நாளு இருந்துட்டுப் போவட்டும்."